பதினோராம் கட்டம்

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குச் சற்றுத் தெற்கே
எங்கள் தேங்காய்நார்த் தூள் கம்பெனி.
ஆபீஸ் தமிழ்நாடு, காயப்போடும் களம் கேரளா.
நடுவில் ஒரு வாய்க்கால், அதன்மேல் சிமெண்டுப் பலகை.
நாளைக்கு முப்பது தடவை மாநிலம் தாண்டுகிறேன்,
செருப்பைக்கூட மாற்றாமல்.

அல்மேரியாவிலிருந்து படிவம் வந்தது.
ஈரப்பதம் எழுதினேன். உப்பு எழுதினேன்.
கட்டி ஒன்று ஐந்து கிலோ, எழுதினேன்.
பதினோராம் கட்டம்: கொமார்கா தே ஒரிஹென்.
வட்டாரம் என்றது ஃபோன் அகராதி.
எந்த வட்டாரம்?
மட்டை உரித்தது கொழிஞ்சாம்பாறையில்,
அடித்தது ஆனைமலையில்,
கழுவியது ஆழியாற்றுத் தண்ணீரில்.
அந்த ஆறே
இரண்டு அரசாங்கம் பங்குபோட்ட ஆறு.

அன்றிரவு ஆரம்பித்தது.
டெஸ்பாட்ச் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கங்களில்
இடத்துக்கான சொற்கள், ராத்திரிக்குப் பன்னிரண்டு.

தோனா: பகுதி.
நாக்கு நுனி பல்லுக்கு நடுவில் வரணும்.
"எனக்கொண்ணும் தோணலையே" என்றார்
லோடு ஏற்றிக்கொண்டிருந்த நாச்சிமுத்து.

பார்ரியோ: பேட்டை. அல்தேயா: சிற்றூர்.
ரெண்டும் அரபியிலிருந்து போனவையாம்.
எங்கள் ஜில்லாவும் தாலுகாவும்
அதே வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு
இந்தப் பக்கம் நடந்தவை.

மேசேத்தா: பீடபூமி.
மேசைதான்! ரிஜிஸ்டருக்கு அடியில் இருக்கிற இதே மேசை.
அவர்கள் மேசை என்றார்கள், நாம் பீடம் என்றோம்.
உயர்ந்த நிலத்தைப் பார்த்த எல்லாருக்கும்
கையில் இருந்த எதையோ
இறக்கி வைக்க வேண்டியிருந்திருக்கிறது.

யானோ: சமவெளி.
தமிழில் அது கேள்வி.
களத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து
உரக்கச் சொன்னேன்: யானோ?
கணவாய்க் காற்று பதில் சொல்லவில்லை.
ஆடியில் கேரளாத் தூளை ஆபீசுக்குள் கொட்டும்,
மார்கழியில் திருப்பி வாங்கிக்கொண்டு போகும்.
அதற்கு ரசீது கிடையாது.

அஃபுவேராஸ்: ஊர்ப்புறம்.
ஆய்த எழுத்தை இங்கே பார்த்ததில் சந்தோஷம்.
எப்போதும் பன்மைதானாம் அது.
ஒரு ஊருக்கு ஒரே ஒரு வெளி இருக்க முடியாது.
நான் பிறந்தது வேலந்தாவளம்,
வாழ வந்தது மீனாட்சிபுரம்.
பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் தமிழத்தி,
பொள்ளாச்சி ஜவுளிக்கடையில் மலையாளத்துக்காரி.
பன்மை சரிதான்.

பிஜேஷிடம் கேட்டேன்,
வயலுக்கு நடுவே நடக்கிற அந்த மண்மேட்டுக்கு
உங்கள் பக்கம் என்ன பெயர்?
வரம்பு, என்றான்.
எங்களுக்கு வரப்பு.
ஒரே ஒரு மெய்யெழுத்து,
அதில்தான் நண்டு வளை வைத்திருக்கிறது.

கடைசியில் என்கார்னாவுக்கே எழுதினேன்,
என் ஸ்பானிஷில், வினைச்சொல் எல்லாம் நொண்ட:
இரண்டு மாநிலம். எதை எழுத?

மூன்று நாள் கழித்துப் பதில்.
எதையாவது எழுது, அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதில்லை.
அப்புறம், கேட்காமலே:
எனக்குச் சொந்த ஊர் போர்ச்சுகல் ஓரம்.
அங்கே எல்லைக்கு ராயா என்று பெயர்.
வெறும் கோடு.
என் அம்மா பாவாடைக்குள் காப்பிக்கொட்டை கட்டி
இருட்டில் அந்தக் கோட்டைத் தாண்டுவாள்.

எங்கள் பக்கம் ரேஷன் அரிசி,
என்று தட்டினேன்.
அழித்தேன்.
கம்பெனி ஈமெயில் இது.

லாரி வெள்ளிக்கிழமை கிளம்பியது, கொச்சிக்கு.
பதினோராம் கட்டத்தில் ராயா என்று எழுதினேன்.
கட்டம் சின்னது, மூன்றே எழுத்து,
கால் மட்டும் கோட்டுக்கு வெளியே நீண்டுவிட்டது.

செக்போஸ்ட்டில் டார்ச் அடித்துக் கேட்டார்கள்:
எவிடுந்நா?
டிரைவர் காஜாமொய்தீன்
ஸ்டீயரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை.
முகவாயால் பின்னால் காட்டினார்.
அங்கே நான்
பலகைமேல் நின்றுகொண்டிருந்தேன்,
தூள் படிந்த கையோடு.